சொல், பிணை, விடுப்பு: சித்தூர் – திருப்பதி வட்டாரச் சிறை ஆவணச் சொற்கள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தண்டனை பெற்றுச் சிறையிலிருக்கும் ஒருவர் சில நாள் வெளியே சென்று திரும்புவதற்கு அளிக்கப்படும் இசைவினைத் தமிழ் நாளிதழ்கள் 'பரோல்' என்று எழுதுகின்றன. தமிழ்நாட்டு அரசின் விதிகள் அதனை 'விடுப்பு' என்னும் பொருளில் வழங்குகின்றன. எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் 'பெரோல்', 'பர்லோ' என இரண்டு சொற்கள் வழங்குகின்றன. பழைய சென்னை மாகாணத்தில் ஒருவரை நிபந்தனையுடன் வெளியே விடும் இடங்களில் 'முச்சலிக்கா', 'ஜாமீன்', 'சீட்டு' ஆகிய சொற்கள் புழங்கின. இவை அனைத்தும் ஒரு பொருள் குறித்த பல சொற்கள் போலத் தோன்றும். ஆயினும் யார், யாருக்கு, எதைக் கொடுக்கிறார் என்னும் வினாவுக்கு ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு விடை தருகிறது. அவ்விடை மாறும்போது சிறையிலிருப்பவரின் நிலையும் மாறுகிறது. சித்தூர், திருப்பதி ஆகிய இரு ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த வட்டாரத்தையும் களமாகக் கொண்டு இச்சொற்களின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டாரமும் ஆவணங்களும்

1801ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதன்பின் அமைந்த வட ஆர்க்காடு மாவட்டத்திற்குச் சித்தூர் தலைநகராயிற்று. திருப்பதி அம்மாவட்டத்தின் சந்திரகிரி வட்டத்தில் அடங்கியிருந்தது. 1911 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு மாறியது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது.

இவ்வெல்லை மாற்றங்கள் ஆவண ஆய்வாளருக்கு முதன்மையானவை. ஒரே நிருவாக மரபில் எழுதப்பட்ட சிறை ஆவணங்களின் வாரிசுகள் இன்று இரண்டு மாநிலங்களிலும் இரண்டு ஆட்சிமொழிகளிலும் உள்ளன. வேலூர் மத்தியச் சிறை தமிழ்நாட்டில் உள்ளது; சித்தூர்ச் சிறை ஆந்திரத்தில் உள்ளது. இரண்டும் ஒருகாலத்தில் ஒரே மாவட்டத்தின் சிறைகளாக இருந்தவை. ஆந்திரத்தின் தொடக்ககால அரசியல் கைதிகளுள் ஒருவரான காடிசர்ல ஹரிசர்வோத்தம ராவ் 1908இல் தண்டிக்கப்பட்டு வேலூரில்தான் அடைக்கப்பட்டார். 1921–22இல் இராஜாஜி நாட்குறிப்பு எழுதியதும் அச்சிறையில்தான்.

அடிப்படைச் சொல்லில் தமிழும் தெலுங்கும் உறவுடையவை. தமிழில் 'சிறை', தெலுங்கில் 'செற', கன்னடத்தில் 'செரெ'. தமிழில் இச்சொல் அணையையும் கரையையும் காவலையும் குறிக்கும். நீரைத் தடுத்து நிறுத்துவதும் ஆளைத் தடுத்து நிறுத்துவதும் ஒரு சொல்லில் அடங்கின. சிறையிலிருந்து விடுவித்தலையும் பழைய இலக்கியம் அறியும். சிலப்பதிகாரத்தில் தவறாகச் சிறையிடப்பட்ட வார்த்திகனைப் பாண்டியன் விடுவிக்கிறான். செங்குட்டுவன் சிறைக்கோட்டங்களைத் திறக்க ஆணையிடுகிறான். மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுகிறது. ஆனால் இவை யாவும் முழு விடுதலைகள். அரசன் கொடுக்க, சிறையிலிருப்பவர் பெறுவது. சென்று மீண்டும் வருவதாகச் சொல்லிச் செல்லும் நிலை வேறு வகையைச் சார்ந்தது.

கொடுத்த சொல்

'பரோல்' என்பது பிரெஞ்சு மொழியில் 'சொல்' என்றே பொருள்படும். மொழியியலார் சசூரின் வழியாக நன்கறிந்த சொல்லும் இதுவே. அங்கு 'பேச்சு' என்று தமிழில் பெயர்க்கிறோம். போர் வழக்கில் 'மதிப்பின் மீது கொடுத்த சொல்' என்னும் தொடரின் சுருக்கமாக இது நின்றது. சிறைப்பட்ட படையதிகாரி மீண்டும் ஆயுதம் ஏந்தேன் என்றோ, குறித்த எல்லையைத் தாண்டேன் என்றோ சொல் கொடுத்தால் பூட்டில்லாமல் இருக்கலாம். ஆகவே இங்குக் கொடுப்பவர் கைதி, பெறுபவர் அரசு.

இக்கருத்து தமிழகத்தில் கருத்து வேற்றுமைக்கு உள்ளான நிகழ்ச்சி ஒன்று 1746ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். பிணைத்தொகை பெற்று நகரைத் திருப்பித் தருவதாக லபூர்தொனே ஒப்புக்கொண்டார். ஆங்கிலேயர் தம் சொல்லைக் கொடுத்தனர். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே அவ்வொப்பந்தத்தை ஏற்க மறுத்தார். ஒப்பந்தம் முறிந்தமையால் தம் சொல்லும் தம்மைக் கட்டாது என ஆங்கிலேயருட் சிலர் கருதினர். அவர்களுள் ஒருவரான இளம் எழுத்தர் ராபர்ட் கிளைவ், இந்தியர் வேடம் பூண்டு கடலூரையடுத்த புனித தாவீது கோட்டைக்குத் தப்பிச் சென்றார். கொடுத்த சொல் இரு தரப்பையும் கட்டுவது. ஒரு தரப்பு மீறினால் மறு தரப்பின் கட்டும் தளரும் என்னும் கருத்தினை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இக்கருத்தை ஐரோப்பியப் போர்மரபு மட்டுமே அறிந்திருந்தது என்று கொள்வது பொருந்தாது. திருமலையில் கார்த்திகை வளர்பிறைத் துவாதசியன்று விடியுமுன் உக்கிர சீனிவாசர் உலாவும், அதனையொட்டிக் கைசிக புராணம் வாசித்தலும் நடைபெறுகின்றன. வராக புராணத்தைச் சார்ந்த அக்கதையில், திருக்குறுங்குடிப் பெருமானைப் பாடச் செல்லும் நம்பாடுவானை ஒரு பிரமராட்சசன் பிடிக்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு உணவாவேன் என்று நம்பாடுவான் வேண்டுகிறார். ராட்சசன் நம்பவில்லை. பதினெட்டுச் சத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்படுகின்றன. கடைசிச் சத்தியத்தைக் கேட்ட பின்னரே அவன் வழிவிடுகிறான். நம்பாடுவான் பாடி முடித்து, இடையில் ஒரு முதியவர் தடுத்தும் கேளாது, சொன்னபடி மீள்கிறார். அவர் பாடிய பாட்டின் பலனால் ராட்சசனுக்கும் விடுதலை கிட்டுகிறது. ஒடுக்கப்பட்ட குலத்தவராகக் கூறப்படும் ஒருவரின் சொல்லே அங்கு முழுப் பிணையாக அமைந்தது என்பது கருதத்தக்கது. தெலுங்கில் அனந்தாமாத்தியரின் போஜராஜீயத்தில் வரும் பசு – புலி உரையாடலும் இவ்வகையினதே. கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வருவதாகச் சொல்லிச் செல்லும் பசு சொல் தவறாது திரும்புகிறது.

சித்தூரை அடுத்த காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலில் பிரமாணம் செய்தல் இன்றும் வட்டார வழக்கில் பெருமதிப்புடையது. கடன், களவு, குடும்பப் பூசல் ஆகியவற்றில் 'காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்' என்று அறைகூவுவதை இரு மொழியினரிடமும் கேட்கலாம். ஆகவே 'கொடுத்த சொல்' என்னும் கருத்துக்கு இவ்வட்டாரத்தில் சொற்பஞ்சம் இல்லை. சத்தியம், பிரமாணம், ஆணை, வாக்கு என்பன யாவும் இருந்தன. சிறை ஆவணங்கள் இவற்றை எடுத்துக்கொள்ளவில்லை என்பதே ஆராயத்தக்கது.

முச்சலிக்காவும் ஜாமீனும்

கம்பெனி ஆட்சியின் நீதிமன்றங்கள் முந்தைய முகலாய, நவாபிய ஆட்சிகளின் சொற்களைப் பின்பற்றின. கைதி, ஜாமீன், பைசல், ஆஜர், நகல், வாரிசு எனத் தமிழிலும் தெலுங்கிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் இவை நிலைத்தன. சித்தூர்க் கச்சேரியில் தமிழ் எழுத்தரும் தெலுங்கு எழுத்தரும் ஒருவர் தாளை மற்றவர் எளிதிற் புரிந்துகொள்ள இச்சொற்கள் உதவியிருத்தல் வேண்டும். இத்தகைய சொற்களைத் தொகுத்து சி. பி. பிரவுன் 1852இல் ஜில்லா அகராதியையும், எச். எச். வில்சன் 1855இல் நீதி, வருவாய்ச் சொற்களின் அகராதியையும் வெளியிட்டனர்.

இவற்றுள் 'முச்சலிக்கா' துருக்கிய மூலமுடையது. எழுதிக் கொடுக்கும் உறுதிப்பத்திரம் என்பது பொருள். 'ஜாமீன்' அரபு மூலமுடையது. பிணை நிற்பவர் என்பது அதன் முதற்பொருள். இரண்டும் சேர்ந்து கருத்தினை மாற்றின. நாவாற் கொடுத்த சொல் தாளில் எழுதப்பட்டது; தன் மதிப்பின் மீது கொடுத்தது மற்றொருவரின் சொத்தின் மீது கொடுத்ததாயிற்று. அவ்வாறாயின், சொத்துடைய உறவினர் இல்லாதவரின் சொல்லுக்கு மதிப்பு இல்லை என்பது முடிவாகிறது. நம்பாடுவான் இம்முறையில் வெளியே சென்றிருக்க இயலாது.

இதே காலத்தில் சாட்சியம் சொல்வோரின் சத்தியமும் மாற்றம் பெற்றது. 1840ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், இந்துக்களும் இசுலாமியரும் தத்தம் சமயமுறைப்படி செய்துவந்த சத்தியத்திற்கு மாற்றாகப் பொதுவான உறுதிமொழியைக் கொண்டுவந்தது. கோயிலின் சத்தியமும் கச்சேரியின் உறுதிமொழியும் இருவேறு உலகங்களாகப் பிரிந்தன.

சொல்லை நம்பாத ஆட்சி உடலை நம்பியது. பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், உயரம், அங்க அடையாளம் என்னும் வரிசை கைதிப் பதிவேடுகளின் பொது அமைப்பாயிற்று. வங்காளம், சென்னை மாகாணங்களில் ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியில் குற்றத்தின் பெயரை நாட்டுமொழியில் பச்சை குத்தும் வழக்கமும் இருந்தது. அது 1849இல் நீக்கப்பட்டது. நாட்டுமொழி எழுத்து அரசு ஆவணமாக மனித உடலில் ஏறியதற்கு இது கொடிய சான்றாகும்.

சீட்டு

மூன்றாவது நிலை சீட்டு. சென்னை மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய குடியிருப்புகளுக்கும், 1858 முதல் அந்தமானுக்கும் அனுப்பப்பட்டனர். 1827ஆம் ஆண்டின் பினாங்கு விதிகள் கைதிகளை வகுப்புகளாகப் பிரித்தன. முதல் வகுப்பினர் விடுப்புச் சீட்டுப் பெற்று வெளியே வாழவும் உழைத்துப் பொருளீட்டவும் இயன்றது. குறித்த நாளில் வந்து தலைகாட்டுவது கட்டாயம். சிங்கப்பூரில் 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித ஆண்ட்ரூ பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது.

சீட்டில் கைதியின் சொல்லுக்கும் பிணையாளியின் சொத்துக்கும் இடமில்லை. அது அரசின் அனுமதி. சட்டைப்பையில் வைத்து, கேட்டபோது காட்ட வேண்டியது. இதே அமைப்பு பின்னர் எக்குற்றமும் மெய்ப்பிக்கப்படாதோர் மீதும் சுமத்தப்பட்டது. 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்திற்கு விரிந்தபோது, கள்ளர், குறவர், எருகுலர் முதலிய சமூகத்தினர் ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டியவராயினர். மதுரைப் பகுதியில் இது 'ராதாரிச் சீட்டு' எனப்பட்டது. 'ராதாரி' வழிச்செலவு உரிமையைக் குறிக்கும் பாரசீகச் சொல். தெலுங்கு மாவட்டங்களில் காவலி, ஸ்டூவர்ட்புரம் முதலிய குடியிருப்புகளில் குடும்பங்கள் தங்கவைக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. கைதிக்குச் சலுகையாகத் தோன்றிய சீட்டு, கைதியல்லாதவருக்குச் சிறையாயிற்று. ஒரு சொல்லை அதன் சூழலிலிருந்து பெயர்த்தெடுத்துப் பொருள் காண்பது எத்துணைத் தவறானது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

விடுப்பும் செலவும்

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 401ஆம் பிரிவு, தண்டனையை நிறுத்திவைக்கவும் குறைக்கவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 432ஆம் பிரிவாகவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் 473ஆம் பிரிவாகவும் தொடர்கிறது. நிபந்தனை மீறப்பட்டதாக அரசு கருதினால் ஆணையை நீக்கி, பிடியாணையின்றியே கைது செய்து, எஞ்சிய தண்டனையை அனுபவிக்கச் செய்யலாம். சிறையின் நோக்கம் திருத்தமும் ஆகும் என்பதை வலியுறுத்திய 1919–20ஆம் ஆண்டு இந்தியச் சிறைக்குழுவின் அறிக்கைக்குப் பின்னர் இவ்வதிகாரத்தின் பயன் விரிவடைந்தது.

விடுதலை இயக்கக் காலத்தில் பழைய பொருள் மீண்டும் தலைதூக்கியது. 1934இல் நேருவின் துணைவியார் கமலா நோயுற்றிருந்தபோது, அரசியலில் ஈடுபடுவதில்லை என்று உறுதி கூறினால் விடுதலை கிட்டும் என்னும் குறிப்பு நேருவுக்கு இடையாட்கள் வழியாகத் தெரிவிக்கப்பட்டது. அவ்வுறுதியைக் கொடுக்க வேண்டா என்றே கமலா கூறினார், நேருவும் கொடுக்கவில்லை. சொல் கொடுப்பது கைதியின் கையிலுள்ள உரிமை. ஆதலின் கொடாமையும் அவர் உரிமையே. 'விடுப்பு' என்னும் சொல்லில் இந்த உரிமைக்கு இடமில்லை.

தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இப்பொருளை ஒழுங்குபடுத்தின. அவை அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என இருவகை கூறின. நெருங்கிய உறவினரின் இறப்பு, கடும்நோய், திருமணம் ஆகியன முதல்வகைக்குக் காரணங்கள். விதைப்பு, அறுவடை, வீடு பழுதுபார்த்தல், பிள்ளைகளின் பள்ளிச்சேர்க்கை போன்றன இரண்டாம் வகைக்குரியன. இக்காரணங்களின் பட்டியல் ஒரு சிற்றூர்க் குடும்பத்தின் ஆண்டு வாழ்க்கையையே காட்டுகிறது. 2019இல் வேலூர்ப் பெண்கள் சிறையிலிருந்த நளினிக்கு மகளின் திருமண ஏற்பாட்டிற்காகச் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு மாத விடுப்பு அளித்தது. அது பின்னர் மூன்று வாரம் நீட்டிக்கப்பட்டது. விதியின்படி அது விடுப்பு. நாளிதழ்கள் அதனைப் 'பரோல்' என்றே எழுதின.

இங்கு மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டிய சிக்கல் உள்ளது. ஆங்கிலத்தில் 'பர்லோ' என்பது டச்சு மொழியின் 'வெர்லாஃப்' என்னும் சொல்லின் வழிவந்தது. 'விடுப்பு, இசைவு' என்பதே அதன் பொருள். எனவே 'விடுப்பு' என்னும் தமிழ்ச்சொல் சொற்பொருளளவில் பர்லோவுக்கே நேரானது. தமிழ்நாட்டு விதிகளின் பெயரோ 'தண்டனை நிறுத்திவைப்பு' என்கிறது. அது பரோலின் பக்கம் சாய்கிறது. வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. பரோலில் கழித்த நாள்கள் தண்டனைக் காலத்தில் சேரா, பர்லோவில் கழித்த நாள்கள் சேரும் என்று உச்சநீதிமன்றம் அரியானா அரசு – மொகிந்தர் சிங் வழக்கில் 2000ஆம் ஆண்டில் விளக்கியது. 2017இல் அஸ்பாக் வழக்கிலும் இவ்விரண்டின் வேறுபாடுகள் விரித்துரைக்கப்பட்டன. கோவாச் சிறை விதிகள் தொடர்பான 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு, முன்விடுதலைக்குத் தேவையான 14 ஆண்டு உண்மைச் சிறைவாசத்தைக் கணக்கிடும்போது பரோல் நாள்களைக் கழித்தே எண்ண வேண்டும் என்றது. ஆந்திரத் தீர்ப்பு ஒன்றிலுள்ள 'பர்லோ', 'பரோல்' இரண்டையும் 'விடுப்பு' என்றே தமிழில் பெயர்த்தால், படிப்பவருக்கு இந்த நாள்கள் காணாமற்போகும்.

தெலுங்கின் 'செலவு' என்னும் சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. தெலுங்கில் அது விடுமுறையையும் இசைவையும் குறிக்கும். தமிழில் இன்று பணம் கழிதலைக் குறிக்கும். ஆயினும் பழந்தமிழில் செலவு என்பது செல்லுதலே. அகத்திணையில் தலைவன் பயணத்தைத் தள்ளிவைத்தல் 'செலவழுங்கல்' ஆகும். சித்தூர் வட்டாரத்து இருமொழியாளர் இவ்விரு பொருளையும் எளிதிற் பிரித்தறிவர். தெலுங்கறியாத தமிழர் ஒருவர் சிறையில் இச்சொல்லைக் கேட்டால் பணம் கேட்கிறார்கள் என்று கொள்ளவும் கூடும்.

மொழியறியாக் கைதி

இது கற்பனையான அச்சமன்று. செம்மரம் வெட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் திருவண்ணாமலை, வேலூர் முதலிய மாவட்டங்களின் மலைவாழ் கூலித் தொழிலாளர் பலர் ஆந்திரச் சிறைகளில் இருந்துள்ளனர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் சந்திரகிரிப் பகுதியில் 20 தமிழர் சுட்டுக் கொல்லப்பட்டபோதுதான் இவர்களின் நிலை நாடறிந்தது. இத்தகையோருட் பெரும்பாலார் விசாரணைக் கைதிகள், இவர்களுக்குரியது பிணை. பரோல், விடுப்பு என்பன தண்டனை பெற்றவர்க்கே உரியன. செய்திகளில் இவ்விரண்டும் கலந்து எழுதப்படுவதால், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர் தண்டனை பெற்றவராகத் தோற்றமளிக்கும் தீங்கு நேர்கிறது.

தமக்குத் தெரியாத மொழியிலமைந்த சாட்சியத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தெரிந்த மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 279ஆம் பிரிவு விதித்தது; புதிய சட்டமும் அதனைப் பேணுகிறது. ஆயினும் அது நீதிமன்றச் சாட்சியம் பற்றியது. சிறை அலுவலகத்தில் கைந்நாட்டு வாங்கப்படும் உறுதிப்பத்திரத்தைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. எந்த நாளில் திரும்ப வேண்டும், எந்த ஊரைத் தாண்டலாகாது, தவறினால் என்ன நேரும் என்பன அப்பத்திரத்தில்தான் உள்ளன. சொல் கொடுப்பவர் தாம் கொடுக்கும் சொல்லின் பொருளை அறியாதிருப்பின், அது எவ்வகையிலும் கொடுத்த சொல் ஆகாது.

முடிவுரை

கைதி கொடுக்கும் சொல், பிணையாளி கொடுக்கும் உறுதி, அரசு கொடுக்கும் சீட்டு, அரசு கொடுக்கும் விடுப்பு என்னும் வரிசையில் கொடுப்பவரின் இடத்திலிருந்து கைதி சிறிது சிறிதாக விலக்கப்பட்டதை மேற்கண்ட சொற்கள் காட்டுகின்றன. 'கைதி' என்பதற்கு மாற்றாகச் 'சிறைவாசி' என்று இன்று எழுதுகிறோம், இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆயினும் அவர் கையொப்பமிடும் தாளிலுள்ள சொல் தெளிவுறாதவரை பெயர்மாற்றம் மட்டும் பயன்தராது.

எனவே, இத்துறை ஆவணங்களைப் பெயர்ப்போர் அகராதியில் நேர்ச்சொல் தேடுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். கொடுப்பவர் யார்? வெளியே கழித்த நாள்கள் தண்டனையில் சேருமா? திரும்பாவிடில் விடைசொல்ல வேண்டியவர் யார்? இவற்றின் விடைக்கேற்பச் சொல்லாத பரோலுக்குச் 'சொற்பிணை விடுப்பு' என்றும், நாள்கள் சேரும் பர்லோவுக்குத் 'தண்டனைக்கால விடுப்பு' என்றும், விசாரணைக் கைதிக்குரியதற்குப் 'பிணை' என்றும் வேறுபடுத்தி வழங்கலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை. தமிழ், தெலுங்கு இரண்டிலும் ஒப்ப அமையும் சிறைச் சொற்றொகுதி ஒன்றை உருவாக்கும் பணி சித்தூர், திருப்பதி, வேலூர் ஆவணங்களிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். அச்சொற்றொகுதியின் முதற்பயனாளர் ஆய்வாளர் அல்லர். எல்லைக்கு அப்பால் தமக்குப் புரியாத மொழியில் ஒரு தாளின் கீழ்க் கைந்நாட்டு வைத்துவிட்டு, தாயின் இறுதிச் சடங்கிற்குப் புறப்படும் ஒருவரே ஆவார்.